கழற்றி மாட்டு: மூச்சுக்கு ஒரு ஸ்பேனர்!

‘அண்ணா, செகண்ட் ஹேண்ட்ல ஸ்கூபா ரெகுலேட்டர் ஒண்ணு மலிவா வருது. வாங்கி நானே சர்வீஸ் பண்ணிக்கலாமா?’

கடல் உயிரியல் படிக்கிற ஒரு தம்பியோட கேள்வி. சைக்கிள் ஹப், மிக்ஸி பிரஷ், ஹெட்போன் ஒயர்னு இந்தப் பக்கத்துல எதை எதையோ கழற்றி மாட்டியிருக்கோம். அதெல்லாம் சொதப்பினா நஷ்டம் சில நூறு ரூபாய். இது சொதப்பினா..? அதனால இந்த வாரம் கொஞ்சம் நிதானமாவே கழற்றுவோம்.

பதிலை முதல்லயே சொல்லிடறேன். பாதி வேலையை நீங்களே செய்யலாம், செஞ்சே ஆகணும். மீதி பாதியைக் கத்துக்கிட்டுச் செய்யலாம். ஆனா, அதுக்கு முன்னாடி ஒரு பிரஷர் கேஜும் நிறைய பொறுமையும் வேணும். ‘ஐயையோ, தொட்டாலே செத்தே!’னு பயமுறுத்துறவங்களையும் நம்ப வேண்டாம். ‘இதுல என்ன மச்சி இருக்கு, நாலு ஸ்க்ரூதானே’னு கிளம்புறவங்களையும் நம்ப வேண்டாம். ரெண்டு பேருமே அதைத் திறந்து பார்த்திருக்க மாட்டாங்க!

நம்ம வீட்டுல ரெகுலேட்டர்னா ரெண்டு. ஒண்ணு ஃபேனுக்கு, இன்னொண்ணு கேஸ் சிலிண்டருக்கு. ஸ்கூபா ரெகுலேட்டர் அந்த ரெண்டாவதுக்குச் சொந்தக்காரன். சும்மா உவமைக்குச் சொல்லல. 1942-ம் வருஷக் கடைசி. ஜெர்மனி பிடியில் இருந்த பாரிஸ் நகரத்துல பெட்ரோல் பஞ்சம். காரை கேஸ்ல ஓட்டறதுக்காக ஏர் லிக்விட் கம்பெனி இன்ஜினீயர் எமில் கான்யான் ஒரு வால்வு செஞ்சு வெச்சிருந்தார். இன்ஜின் எவ்வளவு இழுக்குதோ அவ்வளவு மட்டும் கேஸ் விடுற வால்வு. கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோ அவரைத் தேடிப் போனார். இன்ஜினுக்குப் பதிலா மனுஷ நுரையீரல் இழுத்தா? அவ்வளவுதான் ஐடியா. (கூஸ்தோவோட மாமனார் அதே கம்பெனியில பெரிய பதவியில இருந்தவர். மாமனார்னா இப்படி அமையணும்!)

அடுத்த ஜனவரியில மார்ன் ஆற்றுல சோதனை. நிமிர்ந்து நின்னா காத்து கொட்டிக்கிட்டே இருக்கு. தலைகீழாப் போனா மூச்சை இழுக்கவே முடியல. வெளிமூச்சு போற வால்வு, காத்து வர்ற இடத்துல இருந்து தள்ளி இருந்ததுதான் காரணம். தண்ணிக்குள்ள சில அங்குல உயர வித்தியாசம் கூட அழுத்த வித்தியாசம் ஆச்சே! ரெண்டையும் ஒரே இடத்துல பக்கத்துப் பக்கத்துல வெச்சதும் சரியாயிடுச்சு. 1943 ஜூன்ல மத்தியதரைக் கடல்ல கூஸ்தோ இறங்கினார். 1860-கள்லயே பிரெஞ்சுக்காரங்க ரூக்கேரோலும் டெனேரூஸும் இதே மாதிரி ஒரு வால்வு செஞ்சிருக்காங்க. ஆனா, இன்னிக்கு நாம கடிச்சுக்கிட்டு இறங்குற சாதனத்தோட நேரடித் தாத்தா அந்த 1943 மாடல்தான்.

இப்ப உள்ளே என்ன நடக்குதுனு பார்ப்போம். இது புரியலைனா ஸ்பேனரைத் தொடாதீங்க. புரிஞ்சா பாதி பயம் போயிடும்.

நிறைச்ச சிலிண்டருக்குள்ள சுமார் 200 பார் அழுத்தம். கார் டயர்ல இருக்கறதைப் போல கிட்டத்தட்ட நூறு மடங்கு. அதை அப்படியே வாயில விட முடியுமா? ரெண்டு படியா இறக்கறாங்க. சிலிண்டர் வாயில மாட்டுற உலோக உருண்டைதான் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ். அது 200-ஐ, சுத்தியிருக்கற தண்ணி அழுத்தத்தைவிட சுமார் 9 அல்லது 10 பார் மட்டும் கூடுதலா இருக்கற மாதிரி குறைச்சு ஹோஸ்ல அனுப்பும். இதுக்கு இன்டர்மீடியட் பிரஷர்னு பேரு, சுருக்கமா ஐ.பி. இந்த ரெண்டெழுத்தை மறக்காதீங்க, இன்னிக்கு ஹீரோ இவர்தான். வாயில கடிக்கிறது செகண்ட் ஸ்டேஜ். நீங்க மூச்சை இழுத்தா அங்கே இருக்கற ரப்பர் டயஃப்ரம் உள்ளே குழியும், ஒரு லீவரை அமுக்கும், லீவர் வால்வைத் திறக்கும், காத்து வரும். இழுக்கறதை நிறுத்தினா மூடிக்கும். வெளியே விடுற மூச்சு, காளான் குடை மாதிரி இருக்கற மெல்லிய ரப்பர் வால்வு வழியா குமிழியாப் போயிடும்.

அவ்வளவுதான் பாஸ். எலக்ட்ரானிக்ஸ் இல்லை, சிப் இல்லை. ஸ்பிரிங், ரப்பர், பித்தளை, கொஞ்சம் பிளாஸ்டிக். அதிலும் ஒரு அழகு பாருங்க. ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்ல இருக்கற சீட் தேய்ஞ்சு, அழுத்தம் கசிஞ்சு ஏற ஆரம்பிச்சா, அந்த அழுத்தமே செகண்ட் ஸ்டேஜ் வால்வைத் தள்ளித் திறந்துடும். அதாவது, இந்தச் சாதனம் கெட்டா பெரும்பாலும் காத்து நிக்காது, நிக்காமக் கொட்டும். அப்படி வேணும்னுதான் வடிவமைச்சிருக்காங்க. ஆனா, 30 மீட்டர் ஆழத்துல அப்படிக் கொட்டினா முழு சிலிண்டரே சில நிமிஷத்துல காலி. ‘கொட்டுறதுதானே, மூச்சு விட்டுக்கலாம்’னு சும்மா இருக்க முடியாது.

இனி கைவேலை. முதல்ல, ஸ்பேனரே இல்லாம செய்யறது.

டைவ் முடிஞ்சதும் நல்ல தண்ணியில ஊற வைக்கணும். உப்புத்தண்ணி காய்ஞ்சா உப்பு கல்லாகி, கத்தி மாதிரி ஓ-ரிங்கை அறுக்கும். சும்மா குழாயில காட்டி எடுத்தா போதாது. வெதுவெதுப்பான தண்ணியில அரை மணி நேரமாவது கிடக்கட்டும். அதுக்கு முன்னாடி ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வாயை மூடுற டஸ்ட் கேப்பைத் துடைச்சு, காய வெச்சு மாட்டணும். ஈரக் கேப்பை மாட்டறதும், தண்ணியை நாமே உள்ளே ஊத்தறதும் ஒண்ணுதான். அடுத்தது, நிறைய பேர் பண்ற அநியாயம்: ரெகுலேட்டர் தண்ணிக்குள்ள இருக்கும்போது, சிலிண்டர்ல மாட்டாம, செகண்ட் ஸ்டேஜ் நடுவுல இருக்கற பர்ஜ் பட்டனை அமுக்கறது. அமுக்கினா வால்வு திறக்கும். உள்ளே காத்து அழுத்தம் இல்லாததால தண்ணி ஹோஸ் வழியா ஜம்முனு ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வரைக்கும் போய் உட்கார்ந்துக்கும்.

காய வைக்கும்போது வெயில்ல போடாதீங்க. ஹோஸை ஆணியில மடிச்சுத் தொங்க விடாதீங்க. ஹோஸ் முனையில ரப்பர் உறை போட்டிருந்தா அதை நகர்த்தி அடியில பாருங்க. விரிசல் விழறதும் உப்பு ஒளிஞ்சுக்கறதும் அங்கேதான்.

அப்புறம் மவுத்பீஸ். வாயில கடிக்கிற அந்த சிலிக்கான் துண்டை ஒரு பிளாஸ்டிக் டை இறுக்கிப் பிடிச்சிருக்கு. அது அறுந்தா செகண்ட் ஸ்டேஜ் கழண்டு கீழே போகும், மவுத்பீஸ் மட்டும் வாயில இருக்கும், அடுத்த மூச்சுக்கு வர்றது கடல்! என்னைக் கேட்டா, மொத்த செட்லயும் தினமும் பார்க்க வேண்டிய பார்ட் அந்த ரெண்டு ரூபா டைதான். கடிச்சுக் கிழிஞ்ச மவுத்பீஸையும் டையையும் மாத்த எந்த டெக்னீஷியனும் வேண்டாம்.

அடுத்தது நாலு டெஸ்ட். ஒவ்வொரு ட்ரிப்புக்கும் முன்னாடி செய்யுங்க.

ஒண்ணு, சிலிண்டர்ல மாட்டாம, டஸ்ட் கேப்பை மூடி, மவுத்பீஸை வாயில வெச்சு மெதுவா உறிஞ்சிப் பாருங்க. கொஞ்சம் கூட காத்து வராம வாயோட ஒட்டிக்கணும். வந்தா, டயஃப்ரத்துல ஓட்டை இருக்கலாம், இல்லைனா வெளிமூச்சு வால்வுல மணலோ முடியோ மாட்டியிருக்கலாம். ‘என் ரெகுலேட்டர்ல தண்ணி வருதுடா’னு புலம்பறதுல பெரும்பங்கு இந்த மணல் கேஸ்தான். வால்வைக் கழுவி, மடிப்பு இல்லாம உட்கார வெச்சா முடிஞ்சுது.

ரெண்டு, சிலிண்டர்ல மாட்டி, திறந்து, எல்லாத்தையும் பக்கெட் தண்ணியில முக்குங்க. பஞ்சர் கடைக்காரர் ட்யூபை முக்குவாரே, அதே டெக்னிக். சிலிண்டர் அழுத்தத்தைக் காட்டுற கேஜ் ஹோஸோட சேருற இடத்துல சின்னக் குமிழி வரிசையா வந்தா, உள்ளே இருக்கற சின்ன ஸ்பூல்ல ரெண்டு குட்டி ஓ-ரிங் போச்சுனு அர்த்தம். மாத்தறது சுலபம். கத்துக்குட்டிகளுக்கு இதுதான் முதல் ரிப்பேர். இதுல ஒரு வேடிக்கை: 200 பார் ஓடுற அந்த ஹை பிரஷர் ஹோஸ் வெடிச்சா சத்தம்தான் பெரிசு. அதோட முனையில ஊசித்துவாரம் மட்டுமே இருக்கறதால காத்து மெதுவாதான் காலியாகும். வெறும் 10 பார் ஓடுற மத்த ஹோஸ் வெடிச்சாதான் சிலிண்டர் மளமளனு தீரும்.

மூணு, கிண்ண டெஸ்ட். காத்து திறந்திருக்கும்போது செகண்ட் ஸ்டேஜை மவுத்பீஸ் மேல் நோக்கி, பர்ஜ் பட்டன் கீழே இருக்கற மாதிரி பிடிச்சு, ஒரு பெரிய கிண்ணத் தண்ணியில மெல்ல இறக்குங்க. டயஃப்ரம் தண்ணி மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய ஓர் அங்குலம் போனதும் ‘உஸ்ஸ்’னு காத்து வரும். அந்த ஆழம்தான் வால்வைத் திறக்க உங்க நுரையீரல் செய்யற வேலை. ரெண்டரை அங்குலம் போயும் வரலைனா, ஆழத்துல மூச்சுக்கு மல்லுக்கட்டணும். தொட்டதும் கொட்டினா ட்யூனிங் ரொம்ப லூஸ்.

நாலாவதுதான் தலைவர். ஐ.பி. கேஜ்னு சின்னதா ஒரு மீட்டர், மிதவை ஜாக்கெட்டுக்குக் காத்து கொண்டு போற ஹோஸ் முனையில டக்குனு மாட்டிக்கும். விலை ரெகுலேட்டர் விலையில ஒரு துண்டுதான். உடம்புக்குத் தெர்மாமீட்டர் மாதிரி இதுக்கு அது. மாட்டி, சிலிண்டரைத் திறந்தா முள் 9-க்கும் 10-க்கும் நடுவுல எங்கேயாவது போய் நிக்கும் (உங்க மாடலுக்கு எவ்வளவுனு மேனுவல் சொல்லும்). மூச்சை இழுத்தா முள் இறங்கும், விட்டா பழைய இடத்துக்கு வந்து ‘டக்’குனு நிக்கும். அந்த ‘டக்’தான் ஆரோக்கியம். நின்ன முள் பத்து நிமிஷத்துல மெல்ல மெல்ல மேலே ஊர்ந்தா, ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் சீட்டுக்கு வயசாயிடுச்சு. அன்னிக்கு டைவ் கிடையாது. யார் என்ன சொன்னாலும் கிடையாது.

வருஷத்துக்கு ஒரு தடவை அல்லது 100 டைவுக்கு ஒரு தடவை சர்வீஸ்னு பல கம்பெனிகள் சொல்றாங்க. சிலர் ரெண்டு வருஷம்ங்கறாங்க. காலண்டரை மட்டும் பார்க்கிற ஆளைவிட மாசாமாசம் கேஜைப் பார்க்கிற ஆளுக்குத்தான் தன் ரெகுலேட்டரைப் பத்தி நிஜமாத் தெரியும்ங்கறது என் கட்சி.

சரி, திறக்கலாமா?

மேலே சொன்ன நாலு டெஸ்ட்டையும் ஆறு மாசம் செஞ்சவங்க மட்டும் தொடர்ந்து படிங்க. மத்தவங்களும் படிக்கலாம், ஸ்பேனரை மட்டும் எடுக்காதீங்க!

முதல் பிரச்னை உதிரி பாகம். பெரிய கம்பெனிகள் பலதும் சர்வீஸ் கிட்டை அங்கீகாரம் பெற்ற டீலருக்கு மட்டுமே கொடுக்கறாங்க. ‘உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்’ங்கறது அவங்க வாதம். அதுல நியாயம் இல்லாம இல்லை. ஆனா, அந்த டெக்னீஷியன் படிச்சது பல நேரம் ஓரிரு நாள் வகுப்புதான். சர்வீஸ் முடிச்சு வந்த ரெகுலேட்டர் முதல் டைவ்லயே மக்கர் பண்ற கதையை டைவர்கள் கூடுற எந்த இடத்துலயும் கேட்கலாம். புதுச்சேரியோ அந்தமானோ, உங்க மாடலுக்கு ஆள் இல்லைனா பார்சல் கட்டி வேற ஊருக்கு அனுப்பி வாரக்கணக்குல காத்திருக்கணும். தானே கத்துக்கிட்டா என்னனு ஒருத்தனுக்குத் தோணறது இயற்கைதான். வான்ஸ் ஹார்லோ எழுதி 1999-ல வந்த ரெகுலேட்டர் ரிப்பேர் புத்தகம் அப்படித் தோணினவங்களுக்காகவே. அதுல இருந்து ஆரம்பிங்க.

பழகறதுக்கு ஸ்கூபாப்ரோ மார்க் 2 மாதிரி எளிமையான பிஸ்டன் ரகம் உத்தமம். உள்ளே அசையற பொருளே பிஸ்டன் ஒண்ணுதான். (இந்த ரகத்துல சிலிண்டர் காலியாக ஆக ஐ.பி. கொஞ்சம் இறங்கும். அது நோய் இல்லை, சுபாவம்.)

செகண்ட் ஹேண்ட் வாங்கப் போற தம்பி, இதைக் கவனி. விலையைக் கேட்கறதுக்கு முன்னாடி அந்த மாடலுக்கு இன்னும் கிட் வருதானு கேளு. அப்புறம் டஸ்ட் கேப்பைத் தூக்கி உள்ளே இருக்கற ஃபில்டரை டார்ச் அடிச்சுப் பாரு. பச்சையா இருந்தா கடல் தண்ணி உள்ளே போயிருக்கு. செம்பழுப்பா இருந்தா ஏதோ இரும்பு சிலிண்டரோட துரு. இந்த ரெண்டும் இருந்தா, வெளியே எவ்வளவு பளபளனு இருந்தாலும் உள்ளே வேலை காத்திருக்கு. ரொம்பப் பழைய மாடல்கள்ல இன்னொரு ஆபத்து உண்டு. இப்ப ஹை பிரஷர் துளையும் லோ பிரஷர் துளையும் வேற வேற அளவு மரை, மாத்தி மாட்ட முடியாது. அந்தக் காலத்துல சிலதுல ரெண்டும் ஒரே அளவு. லோ பிரஷர் ஹோஸ்ல 200 பார் போனா என்ன ஆகும்னு நினைச்சுப் பாரு.

திறக்கும்போது முதல் விதி: சிலிண்டர்ல இருந்து கழற்றி, பர்ஜ் அமுக்கி, கேஜ் பூஜ்யம் காட்டின பிறகுதான் எந்த நட்டையும் தொடணும். கண்ணாடி போட்டுக்குங்க. ஓ-ரிங்கைக் கிளற இரும்பு ஊசி கூடவே கூடாது. பித்தளை அல்லது பிளாஸ்டிக் குச்சிதான். வால்வு உட்காருற விளிம்பு கத்தி முனை மாதிரி மெல்லிசு. அதுல ஒரு கீறல் விழுந்தா புது சீட் போட்டும் கசியும். கழற்ற கழற்ற போட்டோ எடுத்து, வரிசையா வெள்ளைத் துணியில வைங்க.

உள்ளே பச்சைக் களிம்பு இருக்கும். உடம்பு பித்தளை, மேலே குரோம் பூச்சு, அவ்வளவுதான். பாட்டி பித்தளைக் குடத்துக்குப் புளி போடுவாங்களே, அதே வேதியியல். இங்கே புளிக்குப் பதில் வெள்ளை வினிகர், சரிபாதி வெதுவெதுப்பான தண்ணி கலந்து, சில நிமிஷம் மட்டும். அதிக நேரம் விட்டா குரோமே உரியலாம். அலுமினிய பாகத்தை அதுல போடவே கூடாது. அப்புறம் நல்ல தண்ணியில அலசி, முழுசா காய வைக்கணும்.

கிரீஸ் விஷயத்துல தயவுசெஞ்சு சொந்த ஐடியா வேண்டாம். தேங்காய் எண்ணெய், பைக் கிரீஸ், துரு ஸ்பிரே எதுவும் உள்ளே போகக் கூடாது. பெட்ரோலிய எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும், அந்த வாசனையைத்தான் சுவாசிப்பீங்க. அதைவிட முக்கியமா, உயர் அழுத்தத்துல ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தா தீப்பிடிக்கும். சாதாரண காத்துக்கு டைவிங் சிலிக்கான் கிரீஸ் போதும். ஆக்சிஜன் கூடின கலவை அடிக்கிறவங்களுக்கு அதுக்குனே தனி ரகம் இருக்கு. ஓ-ரிங் மேல மினுமினுப்பு தெரிஞ்சா போதும், பிசுபிசுப்பு தெரிஞ்சா அதிகம். சீட்டு மேல துளி கூடப் படக் கூடாது.

பழைய ஓ-ரிங், சீட் எதையும் ‘இன்னும் நல்லாத்தானே இருக்கு’னு திருப்பிப் போடாதீங்க. மாட்டின பிறகு முதல்ல ஐ.பி.யைச் சரி பண்ணணும், அப்புறம்தான் செகண்ட் ஸ்டேஜ் ட்யூனிங். வரிசை மாறினா ரெண்டு தடவை வேலை. ஸ்க்ரூவைக் கால் சுத்து திருப்பு, பத்துப் பதினைஞ்சு தடவை பர்ஜ் அமுக்கு, கேஜைப் பார். மறுபடி கால் சுத்து. இங்கேதான் பொறுமை இல்லாதவங்க தோத்துப் போறாங்க. அன்னிக்கு ராத்திரி முழுக்க அழுத்தத்துல விட்டு, காலையில முள் நகர்ந்திருக்கானு பாருங்க.

கடைசியா, இதுல நான் ரொம்பப் பிடிவாதக்காரன். நீங்க திறந்து மாட்டின ரெகுலேட்டர் உங்க வாய்க்கு மட்டும்தான். ஹாஸ்டல்ல பைக் கடன் கொடுக்கற மாதிரி, ‘ஒரே ஒரு டைவ் மச்சி’னு ஃப்ரெண்டு கேட்டா கொடுக்காதீங்க. உங்க வேலையை நம்பி இறங்கறது உங்க முடிவு. அவனுக்கு அந்த கேஜ் முள்ளோட கதை தெரியாது, நீங்க சிரிச்ச முகத்தை மட்டும் பார்த்து நம்புவான். இறங்கும்போது பக்கத்துல துணை டைவர் கண்டிப்பா இருக்கணும். சர்வீஸ் நீங்க பண்ணினாலும் சரி, கம்பெனி பண்ணினாலும் சரி, முதல் டைவ் எழுந்து நின்னா தலை வெளியே தெரியற ஆழத்துல. நீச்சல் குளம்னா இன்னும் நல்லது. அங்கே அரை மணி நேரம் எல்லாப் பக்கமும் புரண்டு, தலைகீழா நின்னு, பர்ஜ் அமுக்கிப் பார்த்துட்டு, மேலே வந்து மறுபடி கேஜை மாட்டி முள்ளைப் பாருங்க. தேதி, ஐ.பி., கிண்ணத்துல எத்தனை அங்குலம்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க.

(அடுத்த வாரம்: ஷாக் அடிக்கிற ஹாஸ்டல் அயர்ன் பாக்ஸ்!)